வழக்கமான ஒரு கேள்வி

ஆலோசகர் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். "மனசை விட்டுடாதீங்க சார். இந்த நாற்காலியில உக்கார்ந்து கண்ணைக் கசக்காதவங்க ரொம்பக் குறைவு. மறுபடி முயற்சி பண்ணலாம்."

"விசா கிடைக்காதது எனக்கு சார். இவர் என் வீட்டுக்காரர்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

ஆலோசகர் அசடு வழியச் சிரித்துவிட்டு அவளிடம் திரும்பினார். அவள் கண்ணில் பொட்டு ஈரம் இல்லை.

அவள் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். கல்யாணத்துக்கு முன்பே கண்ட கனவு, வெளிநாட்டில் மேற்படிப்பு. கல்லூரியில் இடம் கிடைத்து, பெட்டிகூட வாங்கிய பிறகு, விசா இல்லை என்று தூதரகத்தில் கைவிரித்துவிட்டார்கள். படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவார் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இந்த விசாவுக்கு மேல்முறையீடு கிடையாது என்றார் ஆலோசகர். ஆனால் மறுபடி விண்ணப்பிக்கத் தடையும் இல்லை. கல்லூரியிடம் சொல்லிச் சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளி வைக்கலாம், இல்லை வேறு நாட்டைப் பார்க்கலாம். எதைச் செய்தாலும், திரும்பி வர இங்கே அவளுக்கு என்ன பிடிப்பு இருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்றார்.

"நான் எழுதித் தரேன் சார்" என்று அவன் முந்திக்கொண்டான். "இவ கண்டிப்பா திரும்பி வருவான்னு நானே கையெழுத்துப் போட்டுத் தரேன்."

இப்படி ஒரு புருஷன் அமைய நீங்க குடுத்து வெச்சிருக்கணும்மா என்று ஆலோசகர் உருகினார். அவள் மேசைமேல் இருந்த உலக உருண்டையை விரலால் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பாராட்டு அவனுக்கு முள்ளாகக் குத்தியது. செய்த வேலை அவனுக்கல்லவா தெரியும்.

அவன் வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். போன மாதம் ஒரு மெஷினின் வயிற்றுக்குள் கையை விட்டு பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது புது நம்பரிலிருந்து ஃபோன் வந்தது. விசா விஷயமாக ஒரு சின்ன விசாரணை என்றது ஒரு பெண் குரல். அவன் வேலை, வீடு எல்லாம் கேட்டுவிட்டு, "இது வழக்கமா கேக்கறதுதான். உங்க மனைவி படிப்பு முடிஞ்சதும் திரும்பி வந்துடுவாங்களா?" என்றது.

வந்துவிடுவாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பெட்டி வாங்கிய நாள் அவன் கண்ணிலேயே நின்றது. அந்தப் பெட்டியைத் திறந்து மூடி அவள் சிரித்த சிரிப்பை அவன் கல்யாணமான புதிதில்கூடப் பார்த்ததில்லை.

"போனா வரமாட்டா" என்றான். "அதுக்குத்தான் போறா. என்னை விட்டுப் போக அவளுக்கு ஒரு சாக்கு வேணும், அவ்வளவுதான்."

பிறகு, "சரிங்கண்ணா" என்று குரல் தேய்ந்து, ஃபோன் வைக்கப்பட்டது. பெரிய இடத்தில் வேலை பார்த்தாலும் எவ்வளவு மரியாதை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டான்.

விசா வராது என்று அன்றே அவனுக்குத் தெரிந்துவிட்டது. வரவில்லை என்றதும் சந்தோஷம் வரும் என்று பார்த்தான். சோறு இறங்கவில்லை. எதிரே உட்கார்ந்து அவள் வழக்கம்போலக் குழம்பு ஊற்றினால்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆலோசகரிடம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு இருவரும் கீழே இறங்கினார்கள். பைக்கின் அருகே வந்ததும் அவன் சாவியைப் போடாமல் நின்றான். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஃபோன் வந்ததையும் தான் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் கொட்டித் தீர்த்தான்.

"உன் வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டது நான்தான். நீ என்ன சொன்னாலும் வாங்கிக்கறேன்."

அவள் கோபப்படவில்லை. "தெரியும்" என்றாள்.

அவன் விழித்தான்.

"அன்னைக்குப் பேசினது தூதரகத்துக்காரங்க இல்லை. எங்க ஆஸ்பத்திரியில புதுசா சேர்ந்த பொண்ணு. வீட்டுக்காரருக்கு ஃபோன் பண்ணி விசாரிப்பாங்கன்னு யாரோ சொன்னாங்க. நீங்க தடுமாறிடக் கூடாதேன்னு ஒத்திகையா ஒரு தடவை பேசிப் பார்க்கச் சொன்னேன். ஸ்பீக்கர்ல போட்டு நானும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

தான் சொன்ன ஒவ்வொன்றையும் அவள் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு வந்துதான் இத்தனை நாளும் பரிமாறியிருக்கிறாள். வெட்கத்தில் உடம்பு கூசியது. ஆனாலும் அந்தக் கூச்சத்துக்கு அடியில் ஒரு நிம்மதி எட்டிப் பார்ப்பதை அவனால் தடுக்க முடியவில்லை.

"அப்போ விசா போனது என்னால இல்லையா?"

அவள் சாலையைப் பார்த்தாள்.

"நிஜமா விசாரிக்க என் கடைக்கு யாருமே ஃபோன் பண்ணலையே" என்றான், இப்போது கொஞ்சம் தெம்பாகவே. "அப்புறம் எதுக்கு இல்லைன்னாங்க? இன்டர்வியூல என்னதான் கேட்டாங்க?"

"அதே கேள்விதான். திரும்பி உங்க வீட்டுக்காரர்கிட்ட வந்துடுவீங்களான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"வருவேன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க."