ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கத்தி

ஞாயிறு காலை ஏழு மணிக்கே சிங்கராசுவின் கறிக்கடை வரிசை தெருமுனையைத் தொட்டுவிட்டது. முதல் ஆள் தனராஜ். அவர் வீட்டுக்குப் புது மருமகன் முதல்முறையாகச் சாப்பிட வருகிறார். வீட்டில் மசாலாகூட அரைத்தாகிவிட்டது. ஆனால் கடையின் கத்திப்பெட்டி திறக்கவில்லை. அதன் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஆபத்தான ஆள் என்று வீட்டில் ஒருவர் போலீசில் எழுதிக்கொடுத்தால் அந்த ஆளின் துப்பாக்கியைப் பூட்டிவிடுகிற சட்டம், தை மாதத்திலிருந்து கத்திக்கும் வந்திருந்தது. எழுதிக்கொடுத்தது சிங்கராசுவின் மனைவி செவ்வந்தி. கையோடு அம்மா வீட்டுக்கும் போய்விட்டாள். அவள் சரியென்றால்தான் பெட்டி திறக்கும்.

"கோவத்துல ரெண்டு வார்த்தை கூடப் பேசிட்டேண்ணே, அவ்வளவுதான்" என்றான் சிங்கராசு. வரிசையே உச்சுக்கொட்டியது.

அடுத்த வீட்டுக்காரர் என்ற உரிமையில் தனராஜே செவ்வந்திக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"தங்கச்சி, பக்கத்து வீட்டு அண்ணன் பேசுறேம்மா. ஒரு வார்த்தை சரின்னு சொல்லிரு. நாப்பது வீட்டுல உலை கொதிக்குது."

"நாப்பது வீட்டுக்காரகளும் அங்கதான் நிக்கிறாகளாண்ணே?"

"தெருவே நிக்குதும்மா!"

"வியாழக்கிழமை நான் கத்துனப்ப ஒருத்தரும் வெளிய வரலையேண்ணே. நீங்க ஜன்னலைச் சாத்துன சத்தம்தான் எனக்குக் கேட்டுச்சு."

விளக்கு சிவப்பாகவே எரிந்தது. வரிசையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தனராஜ் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முட்டைக்கடைப் பக்கம் நடந்தார்.