இரும்பு நீளாது

இரும்பு நீளாது.

பூமி உருண்டை என்பதற்கு அடுத்தபடியாக மனிதகுலம் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை இதுதான் என்று மெக்கானிக் அறிவித்தான்.

ஷெட்டில் அப்போது இருந்த மனிதகுலம் அவனுடைய அக்கா மட்டும்.

அக்கா வேன் ஓட்டுகிறவள். தினமும் காலையில் பதினெட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். இப்போது அந்த வேனின் இஞ்சின், தலை என்கிற மேல்மூடி கழற்றப்பட்டு, நாலு வாயையும் திறந்துகொண்டு தூங்கியது.

தலையை இஞ்சினோடு இறுக்கிப் பிடிப்பவை பத்து ஸ்டட்கள். இரண்டு முனையிலும் மரை போட்ட, சாண் நீளக் கம்பிகள். மண்ணெண்ணெய்த் தட்டில் அவையும் படுத்திருந்தன.

பழையதையே போட்டால் நாளைக்கே இஞ்சினைப் பூட்டிவிடலாம். புதியது வெளியூரிலிருந்து வரவேண்டும். திங்கட்கிழமை வேன் வராவிட்டால் ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியாயிற்று.

பழையதில் ஒன்று இழுபட்டு நீண்டிருந்தால், அதன் பிடி போய்விட்டது என்று அர்த்தம். ஏற்றத்தில் தலை தூக்கிக்கொள்ளும். தண்ணீர் கொதித்து, ஏதாவது ஒரு வளைவில், பதினெட்டுப் பிள்ளைகளோடு வேன் நின்றுவிடும்.

“இத்தனை வருஷம் இழுத்துப் பிடிச்சிருக்கே, கொஞ்சம்கூடவா நீண்டிருக்காது?” என்று அக்கா கேட்டாள்.

“அது என்ன வளர்ற பிள்ளையாக்கா?”

“அப்போ இந்த ஷெட்டுல நீள்றது உன் வாய் ஒண்ணுதான்னு சொல்லு.”

மெக்கானிக் இதைப் பெருந்தன்மையோடு மன்னித்தான். பக்கத்து லேத்துக்காரர் இப்படித்தான். பழைய ஸ்டட்களை வரிசையாக நிற்கவைத்து, குத்துக்காலிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உயரம் பார்ப்பார். மரை கழண்ட கேஸ். தொழில் தெரிந்தவனுக்குக் கண் எதற்கு? கையில் எடுத்தாலே கை சொல்லிவிடும்.

“சரிடா. நீ எது சொல்றியோ அதுதான்” என்றாள் அக்கா. வேனில் ஏறி, ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

மழை பிடித்தது.

தகரக் கூரையில் அது கொட்டக் கொட்ட, ஷெட் கட்டவிழ்ந்து எங்கோ மெதுவாக மிதந்து போவதுபோல் இருந்தது. மண்ணெண்ணெயின் மேல் நிறங்கள் நெளிந்தன.

அவன் ஒரு ஸ்டட்டைக் கையில் எடுத்தான்.

கை ஒன்றும் சொல்லவில்லை.

பத்துக் கம்பிகளும் பத்து ஆட்களாகி, மலையேறும் வேனுக்குள் ஒரு கனத்த மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அடியில் வெடித்தது. எல்லோரும் ஒரு மயிரிழை உயர்ந்து, மறுபடி தாழ்ந்தார்கள். உயர்ந்தார்கள், தாழ்ந்தார்கள். மேலே பிள்ளைகள் ஏதோ பாட்டை ராகம் தப்பிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் தாழ மறந்து அப்படியே நின்றார்.

மெக்கானிக் திடுக்கிட்டு விழித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

பின்பக்கம் போய், உதிரிபாகக் கடைக்குப் போன் போட்டான். இந்த வேனுக்கு ஹெட் ஸ்டட் ஒரு செட் எப்போது கிடைக்கும் என்று கேட்டான். குரலைத் தாழ்த்தி, தெரிந்தவர் ஒருவருக்காகக் கேட்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டான்.

“தெரிஞ்சவருக்கா? உங்க அக்கா காலைலயே ஆர்டர் போட்டுட்டாங்களே தம்பி. செவ்வாய்க்கிழமைதான் வரும்னேன். பரவாயில்லைன்னாங்க. ஆனா அவன்கிட்ட சொல்லாதீங்க, அவனா வந்து சொல்லட்டும்னாங்க... அடடா, சொல்லிட்டேனே.”

செவ்வாய்க்கிழமை.

அப்படியானால் ரூட் போய்விட்டது. காலையிலேயே போய்விட்டது. அதன் பிறகுதான் அக்கா இங்கே வந்து உட்கார்ந்து, நீ எது சொல்றியோ அதுதான் என்றிருக்கிறாள்.

அவன் சத்தம் காட்டாமல் உள்ளே வந்தான். வேனைப் பார்த்தான். அக்காவின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது, தூக்கமோ, பாசாங்கோ.

மேசைமேல் ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்து வைத்தான். பத்து ஸ்டட்களையும் அதன்மேல் ஒவ்வொன்றாக நிற்கவைத்தான். குத்துக்காலிட்டான். ஒற்றைக் கண்ணை மூடினான்.

ஒன்பது ஒரே மட்டம். ஒன்று மட்டும், நகத்தின் கனத்துக்கு, மற்றவற்றின் தலைக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது.

வேனின் கதவு கிரீச்சிட்டது.

சட்டென்று அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் செருகி ஒளித்துவிட்டு, மெக்கானிக் எழுந்து நின்றான். பைக்கு வெளியே அது பாதிக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தது.