யோஸ்டின் நான்காவது நேர்காணல்

“மாட்டு மணிச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்கா, யோஸ்ட்?”

குடியுரிமைக் குழுத் தலைவர் மைன்ராட், கேள்வித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

“என்கிட்ட பதினாலு மாடு இருக்கு தலைவரே. மணிச் சத்தம் கேக்கலைன்னாதான் எனக்குத் தூக்கம் வராது.”

“இருக்கு, இல்லைன்னு சொன்னா போதும்.”

“இல்லை.”

தலைவர் கட்டத்தில் ஒரு குறி போட்டார். யோஸ்டுக்கு இது நான்காவது நேர்காணல். நான்கிலும் மணிக் கேள்விதான் முதல் கேள்வி.

ஸ்டாபன்மாட் என்ற அந்த சுவிஸ் மலைக்கிராமத்துக்கு யோஸ்ட் பிழைக்க வந்து முப்பத்தொரு வருடம். பண்ணையாளாகச் சேர்ந்தார். பிள்ளையில்லாத முதலாளி போன வருடம் கண்ணை மூடும்போது வீட்டையும் மாடுகளையும் இவர் பேருக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். ஆனால் மேல்மலைப் புல்வெளி பொதுச் சொத்து. ஊர்க் குடியுரிமை உள்ளவர்களின் மாடுதான் அங்கே வாய் வைக்கலாம். ஜூன் பிறந்ததும் மாடுகளை மலையேற்றியாக வேண்டும். இந்த முறையும் கைவிரித்துவிட்டால் பதினாலையும் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான்.

தலைவர் மைன்ராட் விடுதி நடத்துபவர். குழு கூடும் நாட்களில் கழுத்தில் ஒரு வெள்ளிச் சங்கிலி போட்டுக்கொள்வார். அதை அவருக்கு யாரும் அணிவிக்கவில்லை. அவரே செய்யச் சொல்லி வாங்கியது.

நாட்டை ஆளும் ஏழு அமைச்சர்களின் பெயரைச் சொல்லச் சொன்னார். யோஸ்ட் மூச்சு விடாமல் சொன்னார். தலைவர் விடைத்தாளைப் பார்த்து ஒரு பெயர் தவறு என்றார். அந்தத் தாள் போன தேர்தலுக்கு முந்தையது, அதில் இருப்பவர் பதவி விலகிவிட்டார் என்று யோஸ்ட் பொறுமையாக எடுத்துச் சொன்னார். குழுவினர் மூவரும் குனிந்து கலந்து பேசினார்கள். கடைசியில் தாளின் பக்கமே தீர்ப்பானது.

ஒரு சட்டத்தை எதிர்த்து வாக்கெடுப்பு கேட்க எத்தனை கையெழுத்து வேண்டும் என்றார் அடுத்து. ஐம்பதாயிரம் என்றார் யோஸ்ட். ஒரு மனுஷனுக்குக் குடியுரிமை கொடுக்க மூன்றே மூன்று கையெழுத்துதானே வேண்டும் என்றும் முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ரொட்டிக்கடை வெரேனா, பண்பாட்டுப் பகுதிக்குப் பொறுப்பு.

“உங்க ஆளுங்க உருக்கின பாலாடைக்கட்டியில வெங்காயம் போடுவாங்களாமே?”

“எங்கம்மா போடுவாங்க.”

வெரேனா பேனாவைக் கீழே வைத்தார்.

“நீங்க?”

“நான் போட்டு இருபது வருஷமாச்சு, வெரேனாம்மா.”

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஊரே ஓய்ந்திருக்க வேண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை யோஸ்ட் வீட்டுக் கொடியில் துணி காய்ந்ததாக அண்டை வீட்டார் கொடுத்த புகாரை எடுத்து வாசித்தார். புகாரின் வயது பதினாறு. இத்தனை வருடம் ஆகியும் யோஸ்ட் வாயைத் திறந்தால் போதும், எங்கிருந்து வந்தவர் என்று தெரிந்துவிடுகிறது, நாக்கு இன்னும் அங்கேயே நிற்கிறது என்றும் வருத்தப்பட்டார்.

ஓய்வுபெற்ற தபால்காரர் கஸ்பார் அதுவரை மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் நல்ல மனிதர். அதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் அவருக்கு அக்கறை அதிகம்.

“தப்பா எடுத்துக்காதீங்க யோஸ்ட். உங்க ஆளுங்க மேல எங்களுக்கு ஒரு கோபமும் இல்ல. என் பல் வைத்தியரே உங்க ஆளுதான். கை சுத்தம்.”

யோஸ்ட் பல்லைக் கடித்துக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்” என்றார் கஸ்பார். “பந்தாட்டத்துல எங்க அணியும் உங்க அணியும் மோதினா, நீங்க யாருக்குக் கைதட்டுவீங்க?”

“நடுவரைத் திட்டுவேன்.”

கஸ்பாருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. தலைவரின் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது.

தலைவர் கோப்பைப் புரட்டி, கடைசிப் பக்கத்துக்கு வந்து, உதட்டைப் பிதுக்கினார். பதில்கள் பரவாயில்லை, ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் தேர்ச்சி என்றே சொல்லலாம் என்றார். யோஸ்ட் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“ஆனா நீங்க பிறந்த இடத்துலேர்ந்து வாங்கின நன்னடத்தைச் சான்றிதழ் காலாவதியாயிடுச்சே. மூணு மாசத்துக்குள்ள வாங்கினதா இருக்கணும்.”

“வாங்கினப்போ புதுசுதான் தலைவரே. நீங்க கூப்பிட்டதுதான் ஏழு மாசம் கழிச்சு.”

“சட்டம் நான் போட்டதில்ல. அசல் வேணும், அவங்க முத்திரையோட. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் குழு கலைஞ்சிடும். அடுத்த கூட்டம் அக்டோபர்ல.”

அக்டோபருக்குள் மேல்மலையில் பனி விழ ஆரம்பித்துவிடும். அதற்கு வெகு முன்பே மாடுகள் கைமாறியிருக்கும். சுவர்க் கடிகாரம் நாலே முக்காலைக் காட்டியது.

யோஸ்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அஞ்சு மணிக்குள்ள கொண்டு வந்தா கையெழுத்துப் போடுவீங்கதானே?”

மைன்ராட் சங்கிலியைச் சரிசெய்துகொண்டார். விதி அதைத் தடுக்கவில்லை என்றார்.

பிறந்த நாள் முதல் சுவிட்சர்லாந்துக்காரராகவே இருந்துவரும் யோஸ்ட், விடுவிடுவென்று படியிறங்கி, ஓடைமேல் கிடந்த மரப்பாலத்தை நாற்பது எட்டில் கடந்து, தான் பிறந்த பக்கத்துக் கிராமத்தின் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மணி நாலு நாற்பத்தொன்பது.