நான்காவது போல்ட்

கடைக்காரர் டப்பாவைக் கவிழ்க்கிறார். பழைய போல்ட்டுகள் சடசடவென்று செய்தித்தாளின் மேல் கொட்டி உருள்கின்றன. தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயிலில் துருத்தூள் மிதக்கிறது. அவள் கையில் நட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறாள். அவளும் கணவனும் இரண்டு வருடமாகப் பிரித்துப் பூட்டிய பழைய காருக்கு இன்னும் ஒரே ஒரு போல்ட்தான் பாக்கி. ஸ்டீரிங் பெட்டியைத் தாங்கிப் பிடிக்கும் நான்கில் ஒன்று அது. கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தி முப்பது வருடமாகிறது. இது ஏழாவது கடை. நாளைக் காலை இந்தக் காரில்தான் மலையிறங்கி மகளைக் கல்லூரியில் கொண்டுபோய் விடுவதாக அவன் வாக்குக் கொடுத்துத் தொலைத்திருக்கிறான். “இதேதான், பாரு!” என்று கணவன் குவியலிலிருந்து ஒன்றைப் பொறுக்கி நீட்டுகிறான். அவள் நட்டைத் திருகுகிறாள். இரண்டு சுற்று வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. மூன்றாவதில் இறுகிச் சிக்கிக்கொள்கிறது. “ஸ்பேனர் போட்டு இறுக்கினா ஏறிடும்” என்கிறான் அவன். “திருகுற மரையே வேறங்க. வளைவுல திருப்பும்போது பிச்சுக்கிட்டா?” “மீதி மூணு நல்லாத்தானே இருக்கு?” “பின்னாடி உக்காரப்போறது நம்ம பொண்ணு.” அவள் நட்டைக் கழற்றுகிறாள். அவன் வாசல் பக்கம் திரும்பி நின்று மகளுக்குப் போன் போடுகிறான். “கண்ணு, நாளைக்கு நாம பஸ்ஸுலயே போயிடலாமா?” கடைக்காரர் ஏணியை இழுத்துச் சாத்தி, மேல்தட்டிலிருந்து இன்னொரு டப்பாவை இறக்குகிறார்.