முடிவு மட்டும் சரியில்லை

"சார், அந்த நர்ஸம்மாவை நிறுத்திடுங்க. எங்க நேரமெல்லாம் அவங்களுக்கே போயிடுது."

வகுப்பு முடிந்ததும் வங்கிக் காசாளர் எழுத்தாளரைத் தனியே அழைத்துச் சொன்னார். பக்கத்தில் நின்ற தையல்கடைப் பெண்ணும் தலையாட்டிவிட்டுச் சொன்னாள்.

"நான் ஒரு கதையை எழுதி, அது பத்திரிகையிலயும் வந்தாச்சு. அவங்க இன்னும் அதே ஆஸ்பத்திரிக் கதையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."

"பார்க்கலாம்" என்றார் எழுத்தாளர்.

நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் கதை எழுதும் வகுப்பு அது. ஒரு காலத்தில் அவருடைய தொடர்கதைக்காக வாசகர்கள் பத்திரிகைக் கடை வாசலில் காத்திருந்தது உண்டு. மனைவி இறந்துபோனபிறகு அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியதை முதலில் யாருக்குப் படித்துக் காட்டுவது என்று பேனாவை மூடி வைத்தவர்தான். வீட்டுச் சுவரையே எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என்று இந்த வகுப்பை ஒப்புக்கொண்டார்.

நர்ஸம்மா பணி ஓய்வு பெற்றவர். கதையை ஆரம்பிப்பதில் கெட்டிக்காரி. பேச்சுவார்த்தை முறிந்துபோன இரண்டு சம்பந்திகள் ஒரே வார்டில் எதிரெதிர்க் கட்டிலில் வந்து படுக்கிறார்கள். ஒருவருடைய ரேடியோவை மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற மாதிரி கேட்கிறார். வகுப்பே மூச்சு விடாமல் கேட்டது.

கடைசிப் பக்கத்தில் ஆஸ்பத்திரி தீப்பிடித்து எல்லோரும் செத்துப் போனார்கள்.

"ஏம்மா திடீர்னு தீ?"

"எப்படி முடிக்கறதுன்னு தெரியலை சார்."

அடுத்த வாரம் தீ அணைந்திருந்தது. ஆனால் சம்பந்திகள் இருவரும் சின்ன வயதில் பிரிந்துபோன இரட்டைப் பிள்ளைகள் என்று ஆகிவிட்டது. அதற்கடுத்த வாரம் எல்லாமே கனவு.

எழுத்தாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நீங்களா இருந்தா எப்படி முடிப்பீங்க சார்?"

அவர் சொன்னார்.

"வாயால சொன்னா மண்டையில ஏற மாட்டேங்குது. எழுதிக் காட்டுங்களேன்."

வேண்டாவெறுப்பாக இரண்டு வரி எழுதிக் காட்டினார். இன்னொரு வாரம் அரைப்பக்கம். பிறகு, "இதை இப்படியே விட்டா எனக்குத் தூக்கம் வராது" என்று கதையை வீட்டுக்கே எடுத்துப்போக ஆரம்பித்தார்.

இன்று காசாளர் சொன்னது அவருக்கு ஒருவிதத்தில் வசதியாகவே இருந்தது. எல்லோரும் இறங்கிப் போனபிறகு, நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த நர்ஸம்மாவைக் கூப்பிட்டார்.

"உட்காருங்கம்மா. தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க சார்."

"மத்தவங்க குறை சொல்றாங்க. அதைக்கூட சமாளிச்சுடலாம். எனக்கே இப்ப நேரம் இல்லை. உங்க கதைக்கு முடிவு தேடப் போன இடத்துல எனக்கு ஒரு நாவல் அகப்பட்டுடுச்சு. பாதிக்கு மேல எழுதிட்டேன். இப்ப விட்டா கை நழுவிடுமோன்னு பயமா இருக்கு."

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தார். "நிஜமாவே எழுதறீங்களா?"

"தினமும் எழுதறேன். அதனாலதான்... இனிமே நீங்க வகுப்புக்கு..."

அந்தம்மா அழுதுவிட்டால் என்ன செய்வது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பாடா" என்றார் நர்ஸம்மா.

எழுத்தாளர் திரும்பினார்.

"இன்னும் எத்தனை தடவை அந்தக் கதையைக் கெடுக்கணுமோன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் சார். எனக்கும் கற்பனை வத்திப்போச்சு. அடுத்த வாரம் பூகம்பம்தான் வர வைக்கணும்."

"கெடுக்கறதா? வேணும்னேவா?"

"உங்க வீட்டம்மா கடைசியா இருந்த வார்டுல நான்தான் சார் வேலையில இருந்தேன். நீங்க அப்போ குனிஞ்ச தலை நிமிராம உட்கார்ந்திருப்பீங்க. என் முகம் உங்களுக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகுது."

எழுத்தாளர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வலி தெரியாம இருக்கட்டும்னு அவங்களுக்கு வார்டுல நடக்கறதையெல்லாம் கதை மாதிரி சொல்லுவேன். ரசிச்சுக் கேப்பாங்க. ஒரு நாள் நீங்க மருந்து வாங்கப் போயிருந்தப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'எனக்கப்புறம் இந்த மனுஷன் எழுத மாட்டார். அதுதான் எனக்குக் கவலையா இருக்கு'ன்னாங்க. 'நான் வேணா சொல்லிப் பார்க்கட்டுமாம்மா'ன்னு கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?" எழுத்தாளர் கேட்டார்.

"'சொன்னா கேக்க மாட்டார். ஒரு நல்ல கதையா எடுத்துட்டுப் போய், முடிவை மட்டும் நாசம் பண்ணிக் காட்டுங்க. அவருக்குப் பொறுக்காது'ன்னாங்க."