இன்குபேட்டருக்கான இசை

இசையமைப்பாளர் பிலோமினாவின் ஐம்பதாண்டுப் படைப்புகளைக் கண்காட்சியாக்கிய செண்பகவல்லிக்கு, முதல் அறையில் எதை ஒலிக்கவிடுவதென்றுதான் தெரியவில்லை. குறைமாதக் குழந்தைகள் மூச்சுவிட மறந்துவிடாமலிருக்க, இன்குபேட்டருக்குள் காற்றைப்போல் நிறைந்திருந்த இசைதான் அவருடைய முதல் படைப்பு. குழந்தையின் மூச்சை முதலில் கவனித்து, பிறகு மெல்லத் தன் தாளத்துக்கு இழுத்துக்கொள்ளும். பதிவு எதுவும் மிஞ்சவில்லை.

"எனக்கே மறந்துபோச்சு. சாகறதுக்குள்ள ஒரு தடவை கேட்டுட்டா போதும்," என்றார் பிலோமினா.

அந்தக் குழந்தைகளில் ஒருவரான காசிராஜனைத் தேடிப்பிடித்து அழைத்தாள் செண்பகவல்லி. நரைத்த தலையோடு வந்தவருக்கு ஒன்றும் நினைவில்லை. மதியம் சாப்பிட்டதும் நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

கூட வந்திருந்த அவர் மனைவிக்கு வெட்கமாகிவிட்டது. "எங்க உக்காந்தாலும் இப்படித்தான் மேடம். ரெண்டு குட்டி மூச்சு, ஒரு நீள மூச்சுன்னு கச்சேரி வேற. ஏங்க, எந்திரிங்க!"

"எழுப்பாதம்மா!" பிலோமினா அவரருகே தரையில் உட்கார்ந்துவிட்டார். விரல்கள் தாளம் போட்டன, கண்கள் நிறைந்தன. "இது நான் போட்டதுதான்."

இப்போது முதல் அறையில் நான்கு கட்டில்கள் மட்டுமே இருக்கின்றன. அந்தக் குழந்தைகளில் நால்வர் மதியந்தோறும் வந்து அங்கே தூங்குகிறார்கள். சற்று நேரத்தில் நால்வரின் மூச்சும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்கிறது. பார்வையாளர்கள் அசையாமல் நின்று கேட்கிறார்கள்.