ஆண் பூ

வெயில் ஏறுவதற்குள் பூவைத் தொட்டுவிட வேண்டும். ஒன்பது மணிக்கெல்லாம் பூசணிப் பூ மூடிக்கொள்ளும். பிறகு திறக்காது.

ஷாமளா வேலியோரம் காத்து நின்றாள். கையில் அப்போதுதான் பறித்த ஓர் ஆண் பூ.

பரஞ்சோதி இன்னும் வரவில்லை.

வறட்சி முடிந்து கரங்கான் ஊரில் போன வாரம்தான் மழை விழுந்திருந்தது. ரோட்டுக்கு அப்பால் ரப்பர் மரங்கள் செம்பு நிறத்தில் துளிர்த்திருந்தன. அவற்றுக்கிடையே பனி இன்னும் எழுந்திருக்க மனமில்லாமல் படுத்துக் கிடந்தது. இந்தப் பக்கம் அவளுடைய கொடியில் மட்டும் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கள்.

பிப்ரவரி வெயிலில் விதை போட்டு, அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி வளர்த்த கொடி அது. சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் மருந்தடித்துத் தேனீயே அருகிவிட்டது. அதனால் அவளே ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் மெல்ல ஒற்றி எடுப்பாள். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கணவரும் போன பிறகு விடியற்காலையில் எழுந்திருக்க அவளுக்கு இருந்த ஒரே காரணம் இதுதான்.

மூன்று வாரத்துக்கு முன்பு, இதே நேரத்தில், தெருக்கோடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். பெயர் பரஞ்சோதி என்றார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறதாம்.

"என் கொடியில எல்லாம் பொம்பளைப் பூவாவே பூக்குது டீச்சர். ஒரு ஆம்பளைப் பூ இருந்தா குடுங்க லா."

பூசணியில் ஆண் பூதான் முதலில் வரும். ஏராளமாகவும் வரும். அவர் சொன்னது அவளுக்கு விநோதமாக இருந்தது. இருந்தாலும் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் வந்தார்.

வாங்கிய கையோடு போய்விட மாட்டார். முதல் பூ பிஞ்சு பிடித்துவிட்டதைச் சொல்வார். ஒரு காய் சுவரோரம் தொங்குகிறது, தண்டு தாங்காது என்று பழைய சட்டையைக் கிழித்து அதற்கு ஊஞ்சல் கட்டியிருப்பதாகச் சொல்வார். இன்னொன்று வெயில் படுகிற பக்கம் மட்டும் நிறம் மாறுகிறது என்பார். மழை பெய்த சாயங்காலம் குடையோடு போய்ப் பக்கத்தில் நின்றாராம்.

அவர் போன பிறகுதான் குழாயை மூடவில்லை என்பது அவளுக்கு நினைவு வரும்.

அவருடைய கொல்லையை அவள் பார்த்ததில்லை. சுவர் உயரம். ஆனால் கண்ணை மூடினால் அந்தக் காய் சட்டை ஊஞ்சலில் மெதுவாக ஆடும்.

நேற்றுதான் அவரிடம் சொன்னாள். மகள் பினாங்குக்கே வந்துவிடச் சொல்கிறாள், மாதக் கடைசியில் இந்த வீட்டை வாடகைக்கு விடப் போகிறோம், அங்கே பதினைந்தாவது மாடி, ஒரு பிடி மண் கிடையாது. போவதற்குள் அந்த ஊஞ்சல் காயை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்றாள்.

பரஞ்சோதி, வந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூவை வாங்காமலே போய்விட்டார்.

இப்போது எட்டரை. கையிலிருந்த பூ ஓரங்களில் சுருங்கத் தொடங்கியது.

அவள் கணவரும் இப்படித்தான் ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை.

அந்த நினைப்பு வந்ததும் செருப்புக்கூட மாட்டாமல் நடந்தாள். அவர் வீட்டுக் கேட் திறந்திருந்தது. பின்பக்கம் இரும்பு எதிலோ மோதும் சத்தம் கேட்டது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. பிறகு சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

கொடி இல்லை. செடி இல்லை. மண்ணே இல்லை. சுவரிலிருந்து சுவர் வரைக்கும் சிமெண்டுத் தரை.

கூரைக்கு அடியில் ஒரு துணிக்கம்பி. அதில் துணி காயவில்லை. கிளிப் மாட்டி வரிசையாகப் பூசணிப் பூக்கள் தொங்கின. ஓரத்தில் இருந்தவை கறுத்துக் காகிதமாகியிருந்தன.

தரைக்கு நடுவில் பரஞ்சோதி கடப்பாரையோடு நின்றார். பனியன் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. விரல்களில் துணி சுற்றியிருந்தார். காலடியில் ஒரு சட்டி அகலத்துக்குச் சிமெண்டு பெயர்ந்து, உள்ளே ஈரமண் கறுப்பாகத் தெரிந்தது.

அவளைப் பார்த்ததும் கடப்பாரையைக் கீழே வைத்தார். எதையும் மறைக்கப் பார்க்கவில்லை.

"இன்னைக்குத்தான் டீச்சர் குழி வெட்டுறேன்," என்றார்.

கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. குனிந்து, அந்தக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். மண் நல்ல மண்தான். இன்னும் ஒரு முழம் ஆழம் வேண்டும், கோழி எரு அவளிடம் அரை மூட்டை இருக்கிறது என்றாள். அவர் தலையாட்டினார்.

உடைந்த சிமெண்டுத் துண்டு ஒன்றை அவள் தூக்கி ஓரமாக வைத்தாள். பிறகு இன்னொன்று.

இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி அடித்தது. மகள். வீடு பார்க்க ஆள் வருகிறது, எத்தனை மணிக்கு வரச் சொல்லட்டும் என்று கேட்டாள்.

"யாரையும் வரச் சொல்லாதம்மா," என்றாள் ஷாமளா. "காய் கைக்கு வர மூணு மாசம் ஆவும். இப்பத்தான் குழி வெட்டிக்கிட்டு இருக்கோம்."